பனி கிடக்கும்போதே பூக்கிற மரம்

வளவும் வாசலும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஓரிடத்தில், கனடாவில் எங்கள் ஸ்காபரோ வீட்டுப் பின்வளவில் மார்ச் 9ஆம் திகதி, முழங்கால் அளவு பனி கிடக்க, விச் ஹேசல் என்ற மரம் பூத்தது என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு இவ்வளவு கடிதம் வந்தது எனக்குப் பெரிய சந்தோஷம். அதனால் இந்த மாதம் பாதிக்கு மேல் அந்த மரத்தைப் பற்றித்தான். மற்றக் கேள்விகளில் அவசரமானவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

அக்கா, அம்மாவுக்கு 79 வயது. ஊரிலிருந்து வந்து மூன்று வருடம். குளிர்காலம் முழுக்கக் குசினி யன்னலடியில் கதிரை போட்டு வெளியே பார்த்தபடி இருப்பார். நவம்பர் தொடங்கி ஏப்ரல் மட்டும் அங்கே பார்க்க ஒன்றுமில்லை. நீங்கள் சொன்ன மரத்தை யன்னலுக்கு நேரே வைக்க ஆசை. பின்வளவு 30 அடி அகலம், கிழக்குப் பார்த்தது, பின்னால் சீடர் மரத்து உயிர்வேலி. எந்த வகை வாங்குவது? எப்படி நடுவது? (மார்க்கம்)

தங்கச்சி, கடைக்குப் போகமுதல் அம்மாவின் கதிரையில் ஒருமுறை நீங்கள் இருந்து பாருங்கள். நின்று பார்த்தால் தெரிகிற இடம் வேறு, இருந்து பார்த்தால் தெரிகிற இடம் வேறு. அந்தக் கதிரையிலிருந்து 12, 15 அடித் தூரத்தில் கண்ணுக்கு நேரே வருகிற இடத்தில் ஒரு தடியைக் குத்தி வையுங்கள். இடம் அதுதான். அதைவிடத் தள்ளிப் போகவேண்டாம், ஏனென்றால் பூ சின்னது. ஒரு பூவுக்கு நான்கு இதழ். ஒவ்வொன்றும் கசங்கிய ரிப்பன் துண்டு மாதிரி, நீளம் 2 சென்ரிமீற்றருக்குள். இலையே இல்லாத கொப்பில் அடர்த்தியாகப் பூப்பதால்தான் மரம் முழுக்க நிறம் தெரிகிறது.

நான் அதை முதன்முதல் பார்த்தது 1991இல். நேர்சரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து முதல் குளிர்காலம் முடிகிற நேரம். வெளியே அடுக்கியிருந்த சாடிகளில் பனி தட்டச் சொல்லி அனுப்பினார்கள். ஒரு கன்றின் கொப்பெல்லாம் மஞ்சள் நூல். ஊரில் கோயில் வேம்பில் நேர்த்திக்கு நூல் கட்டிவிடுவார்களே, அப்படி யாரோ கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக் கிட்டப் போனேன். போனபிறகுதான் வாசம் வந்தது. வந்த நாட்டில் மார்ச் மாதம் ஒரு பூவின் வாசத்தை முகர்வேன் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு அந்தக் கொப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அன்றிலிருந்து 19 வருடம் அந்த வேலையில் இருந்தேன். எத்தனையோ செடிகளை விற்றேன். ஆனால் நம்முடைய ஆட்கள் யாராவது வந்தால் அவர்கள் கேட்காமலே நான் காட்டிய மரம் இது.

அந்தப் பூ பனியைத் தாங்குகிற விதம் அழகானது. குளிர் இறுகினால் இதழ்கள் பாய் மாதிரிச் சுருண்டு உள்ளே போய்விடும். வெயில் பட்டதும் திரும்பவும் நீளும். அதனால்தான் ஒரே பூ மூன்று நான்கு கிழமை நிற்கிறது.

சரி, வகைக்கு வருவோம். கடையில் விச் ஹேசல் என்று எழுதியிருந்தாலும் எல்லாம் ஒன்றல்ல. ஒன்ராறியோவின் தெற்குக் காடுகளில் தானாக வளர்கிறது ஹமமேலிஸ் வெர்ஜினியானா. அது பூப்பது ஒக்ரோபர், நவம்பரில், இலை மஞ்சளாகி விழுகிற நேரம். அமெரிக்காவின் ஓசார்க் மலைப் பக்கத்தது ஹமமேலிஸ் வெர்னாலிஸ். பூ இன்னும் சின்னது, வாசம் உண்டு, குளிர்காலக் கடைசியில் பூக்கும், உயரமும் குறைவு. சீனாவிலிருந்து வந்த மோலிஸுக்கு வாசம் நிறைய. சீனத்து மோலிஸும் ஜப்பானிய வகையும் சேர்ந்து பிறந்த கலப்புகளுக்குத்தான் இன்டர்மீடியா என்று பெயர். பெரிய பூ, மஞ்சளிலிருந்து சிவப்பு வரை நிறம், இவைதான் நேர்சரிகளில் கூடுதலாகக் கிடைப்பவை.

அந்தக் கலப்புகளில் ‘ஆர்னல்ட் பிராமிஸ்’ என்பது பொஸ்ரன் நகரத்து ஆர்னல்ட் மரத்தோட்டத்தில் 1928இல் விதைத்த ஒரு விதையிலிருந்து வந்தது. அதற்குப் பெயர் வைத்து வெளியே விட்டது 1963இல். ஒரு கன்றைக் கவனித்துப் பார்த்துத் தீர்மானிக்க அவர்களுக்கு 35 வருடம் எடுத்திருக்கிறது. ‘ஜெலீனா’வும் ‘டயான்’ என்பதும் பெல்ஜியத்தில் கால்ம்ட்ஹவுட் மரத்தோட்டத்திலிருந்து வந்தவை. ஜெலீனா செம்பு நிறம். டயான் சிவப்பு. இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் வளர்த்தெடுத்தது ‘பாலிடா’, எலுமிச்சை மஞ்சள்.

படத்தில் சிவப்புத்தான் எல்லோரையும் இழுக்கும். உங்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன். மங்கலான மார்ச் மாதத்துப் பகலில், 15 அடித் தூரத்தில், வயதானவர்களின் கண்ணுக்குச் சிவப்பு கறுத்த கொப்போடு சேர்ந்து மறைந்துபோகும். மஞ்சள் தெரியும். அதுவும் பின்னால் கரும்பச்சையில் சீடர் வேலி இருக்கிறது என்கிறீர்கள், அதைவிட நல்ல பின்திரை கிடையாது. பாலிடா கிடைத்தால் பாலிடா, இல்லாவிட்டால் ஆர்னல்ட் பிராமிஸ். இரண்டுக்கும் வாசம் உண்டு. முடிந்தால் பூத்திருக்கும்போதே, மார்ச் கடைசியில், கடைக்குப் போய் அம்மாவையே முகர்ந்து பார்த்துத் தெரியச் சொல்லுங்கள். அவர் தேர்ந்தெடுத்த மரமாக இருக்கட்டும்.

ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. இது மெல்ல வளர்கிற மரம். வருடத்துக்கு ஒரு அடி வளர்ந்தால் நல்ல வளர்ச்சி. கடைசியில் 12 முதல் 15 அடி உயரம் வரும், அகலமும் ஏறக்குறைய அவ்வளவு. அதனால் வேலியிலிருந்து குறைந்தது 6 அடி தள்ளி வையுங்கள். சின்னக் கன்றை மலிவாக வாங்கி ஐந்து வருடம் காத்திருப்பது இளம் குடும்பத்துக்குச் சரி. 79 வயது அம்மாவுக்கு வாங்குகிற நீங்கள், மற்ற ஏதாவது செலவைக் குறைத்தாவது, ஏற்கெனவே மொட்டுப் பிடித்த பெரிய சாடிக் கன்றை வாங்குங்கள். அடுத்த மார்ச்சிலேயே அவர் பார்க்கவேண்டும்.

நடுவதற்கு மே மாதம் நல்லது. செப்ரெம்பர் முதல் பாதியும் பரவாயில்லை. தோண்டமுதல் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவித்துவிடுங்கள். வளவுக்குள் எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே போகிறது என்று நிறம் அடித்துக் காட்டுவார்கள், காசு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் அறிவிக்காமல் தோண்டினார் என்று நீங்களும் தோண்டவேண்டாம்.

மார்க்கம் பக்கத்து மண் களிமண். எங்கள் ஊர்ச் செம்பாட்டு மண் மாதிரித் தண்ணீரைக் கீழே விடாது. முதலில் ஒரு முழ ஆழத்துக்குக் கிடங்கு வெட்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். அடுத்த நாளும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், அல்லது மண்ணைக் கூட்டி மேடாக்கி நடுங்கள். கிடங்கு சாடியைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருக்கவேண்டும். ஆழம் மட்டும் சாடியின் உயரத்துக்கு மேலே போகக்கூடாது. தோண்டியெடுத்த மண்ணையே திரும்பப் போடுங்கள். கிடங்குக்குள் மட்டும் நல்ல மண்ணை நிரப்பினால் வேர் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டு நிற்கும், மழைக்குத் தண்ணீரும் அதற்குள் தேங்கும். கூட்டெருவை மேலே பரப்புங்கள். அதற்கு மேல் மரச்சீவலோ சருகோ நான்கு விரல் தடிப்புக்கு, தண்டில் முட்டாமல். முதல் மூன்று கோடையும் மழை இல்லாத கிழமைகளில் ஒருநாள் ஆறுதலாக, ஆழமாகத் தண்ணீர் விடவேண்டும். தினமும் கொஞ்சம் தெளிப்பது உதவாது.

குளிர்காலத்தில் முயல் தண்டின் பட்டையைக் கடிக்கும். நவம்பரில் தண்டைச் சுற்றி இரண்டரை அடி உயரத்துக்குக் கம்பிவலை வைத்துவிடுங்கள். பனி குவிந்தால் முயலும் உயரும், அதைக் கணக்கில் எடுங்கள்.

வெட்டுவதாக இருந்தால் பூ முடிந்தவுடனே வெட்டவேண்டும். அடுத்த வருடத்து மொட்டு கோடையிலேயே உருவாகிவிடும். எனக்கு இது தெரியாத காலத்தில் ஒரு செப்ரெம்பரில் பாதைப் பக்கத்துக் கொப்புகளை ஒழுங்காக வெட்டி அழகாக்கினேன். அடுத்த மார்ச்சில் மரத்தின் ஒரு பக்கம் மஞ்சளாக நின்றது, மற்றப் பக்கம் வெறுங்கொப்பு.

மரம் தடித்து மூன்று நான்கு வருடமானபின் ஒன்று செய்யுங்கள். பெப்ரவரி நடுவில் ஒரு முழ நீளக் கொப்பை வெட்டி, வெந்நீர் இல்லாத சாதாரணத் தண்ணீரில் யன்னலடியில் வையுங்கள். சில நாளில் வீட்டுக்குள்ளேயே பூக்கும். எங்கள் மாமியின் கடைசி இரண்டு குளிர்காலமும் அவர் கட்டிலடியில் அப்படி ஒரு போத்தல் இருந்தது.

நான்கு வருடத்துக்கு முன் சிவப்புப் பூ என்று சொல்லி நல்ல விலைக்கு வாங்கிய விச் ஹேசல். இரண்டு வசந்தம் சிவப்பாகப் பூத்தது. இப்போது ஒக்ரோபரில் மஞ்சளாகப் பூக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (ஸ்காபரோ)

ஏமாற்று இல்லை, தம்பி. உங்கள் மரம் ஒட்டுக்கன்று. ஊரில் கறுத்தக்கொழும்பான் ஒட்டு மாங்கன்று நட்டுவிட்டு, ஒட்டுக்குக் கீழே வருகிற தளிரைக் கவனிக்காமல் விட்ட வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். பத்து வருடத்தில் புளிமாங்காய் காய்க்கும். இதுவும் அதே கதைதான். சிவப்புப் பூக்கிற கலப்பு மேலே, கீழே வேர் தந்தது காட்டு வெர்ஜினியானா. அடியிலிருந்து வருகிற தளிர் மேலே இருப்பதைவிட வேகமாக வளரும். இரண்டு வருடம் விட்டால் மேலே உள்ளதை மூடிவிடும். உங்கள் வீட்டில் நடந்திருப்பது அதுதான்.

இப்போது ஒக்ரோபரில் எந்தெந்தக் கொப்பு மஞ்சளாகப் பூக்கிறதோ அவற்றில் எல்லாம் துணித்துண்டு கட்டி வையுங்கள். மார்ச்சில் பாருங்கள். ஏதாவது ஒரு கொப்பிலாவது சிவப்பு வந்தால் மரத்தைக் காப்பாற்றலாம். துணி கட்டிய கொப்பை அடிவரை பின்தொடர்ந்து போய், மண்ணைக் கிளறி, அது வேரில் பிறக்கிற இடத்திலேயே பிய்த்து எடுங்கள். மண் மட்டத்தில் கத்தரித்தால் ஒன்றுக்கு மூன்றாக வரும். ஒட்டு இருக்கிற இடம், அதாவது தண்டில் புடைத்திருக்கிற முட்டு, எப்போதும் மண்ணுக்கு மேலே தெரியவேண்டும். மரச்சீவலால் அதை மூடியிருந்தால் இன்றே விலக்குங்கள்.

சிவப்பு ஒன்றுமே வரவில்லை என்றால் மேல்மரம் போய்விட்டது. அப்போதும் பிடுங்கி எறியாதீர்கள். மிஞ்சியிருப்பது இந்த மண்ணின் சொந்த மரம். எல்லாப் பூவும் கருகின பிறகு, நவம்பர் குளிரில் தனியாகப் பூக்கும். அந்த நேரத்தில் தேனீயும் குறைவு, வண்ணத்திப்பூச்சியும் இல்லை. இரவில் பறக்கிற ஒருவகை அந்துப்பூச்சிகள் உடம்பை நடுக்கி நடுக்கித் தங்களைச் சூடாக்கிக்கொண்டு வந்து அந்தப் பூவில் தேன் குடிக்கும். நாங்கள் முதல் குளிர்காலத்தில் பஸ் தரிப்பில் நின்றதை நினைத்தால் எனக்கு அந்தப் பூச்சிகளில் ஒரு பாசம்.

இலையின் மேலே சின்னச் சின்னக் கூம்பு மாதிரி முளைத்திருக்கிறது. ஓகஸ்டில் இலை ஓரமும் கருகுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்? (பிரம்டன்)

இரண்டும் வேறு வேறு. கூம்பு ஒருவகை அசுவினியின் வேலை. வசந்தத்தில் தளிர் இலையில் அது குத்த, இலை அந்த இடத்தில் வீங்கி அதற்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்துவிடுகிறது. ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள், உள்ளே தாயும் குஞ்சுகளும் இருக்கும். மரத்துக்கு ஒரு கேடும் இல்லை. மருந்து வேண்டாம்.

இலை ஓரம் கருகுவது தாகம். விச் ஹேசலின் வேர் ஆழமாகப் போவதில்லை. அதற்குக் காட்டில் பெரிய மரங்களின் கீழே, சருகு மூடிய ஈரமண்ணில் வளர்ந்த பழக்கம். புதுக் குடியிருப்புகளில் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுக் களியின்மேல் புல் விரித்து விற்கிறார்கள். அந்த மண்ணில் முழு வெயிலில் நிற்கிற மரத்துக்குச் சருகுப் போர்வையும் கிழமைத் தண்ணீரும்தான் மருந்து. இலையுதிர்காலத்தில் உங்கள் சருகைக் கடதாசிப் பையில் கட்டி வீதியில் வைக்காதீர்கள். அந்த மரத்தடிக்குப் போடுங்கள்.

மாமி இந்த மரத்தை வீட்டில் வைக்க விடமாட்டேன் என்கிறார். விச் என்றால் சூனியக்காரி என்று யாரோ சொல்லிவிட்டார்கள். என்ன சொல்லி விளங்கப்படுத்துவது? (ஏஜாக்ஸ்)

மாமியின் பயத்தைத் தள்ளிவிடவேண்டாம், பிள்ளை. பெயரின் கதையை அவருக்குச் சொல்லுங்கள். பழைய ஆங்கிலத்தில் அதே ஒலியில், ‘வளைந்து கொடுக்கிற’ என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது. பெயரின் முதற்பகுதி அதுதான். கொப்பு ஒடியாமல் வளையும். இலை ஹேசல் கொட்டை மரத்தின் இலை மாதிரி இருக்கும். சூனியத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

அப்புறம் இதையும் சொல்லுங்கள். அமெரிக்காவில் குடியேறியவர்கள் கிணறு வெட்டமுதல் இந்த மரத்தின் கவர்க்கொப்பை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நிலத்தில் நடந்து நீரோட்டம் பார்த்தார்கள். உரும்பிராயில் எங்கள் ஐயா தோட்டக் கிணறு வெட்டமுதல் ஒருவர் அதேமாதிரி ஒரு கவர்த்தடியோடு வந்து நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. நான் பின்னாலே ஓடினேன், சத்தம் போடக்கூடாது என்றார்கள். தடி காட்டியதா, எங்கள் சுண்ணாம்புக் கல்லுக்குள் எங்கும் நீர் இருந்ததா, எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தக் கிணறு கடைசி வரை வற்றவில்லை. உங்கள் மாமியும் அப்படி ஒருவரைக் கட்டாயம் பார்த்திருப்பார்.

இந்த மண்ணின் ஆதிக்குடிகள் இதன் பட்டையையும் கொப்பையும் அவித்து வீக்கத்துக்கும் புண்ணுக்கும் போட்டார்கள். அவர்களிடமிருந்து கற்றதை வைத்து நியூயோர்க் மாநிலத்தில் தெரன் பாண்ட் என்பவர் 1846இல் ஒரு மருந்து விற்கத் தொடங்கினார். நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போது முகத்தில் பூசிய பாண்ட்ஸ் கிரீமின் பெயர் அவருடையது. மாமியிடம் இதைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன். இன்றும் மருந்துக் கடைகளில் விச் ஹேசல் தண்ணீர் போத்தலில் கிடைக்கும், தோலில் பூசுவதற்கு. வீட்டு மரத்தை வெட்டி அவித்துக் குடிக்க மட்டும் ஒருவரையும் விடாதீர்கள்.

கறிவேப்பிலை மரம் பேஸ்மன்றில் இலை முழுக்கக் கொட்டிவிட்டது. செத்துவிட்டதா? (ஸ்காபரோ)

நகத்தால் தண்டைச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. அப்படியானால் முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். இலை கொட்டியதும் எல்லோரும் பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றுகிறோம், வேர் அழுகி அதில்தான் சாகிறது. இலை இல்லாத மரம் தண்ணீர் குடிக்காது. விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம் விடுங்கள். மார்ச் வரை பசளை வேண்டாம்.

பேஸ்மன்றில் வெளிச்சம் போதாது. தெற்கு யன்னலுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் செடி விளக்கு ஒன்றை 12 மணித்தியாலம் எரியவிடுங்கள். ஹீற்றர் காற்று நேரே படக்கூடாது. இலைக்காம்பிலும் தண்டிலும் கபில நிறத்தில் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தால் அது செதில் பூச்சி. பழைய பல்துலக்கியைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்து எடுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை, மூன்று தரம். மார்ச்சில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கொப்பு வரும். மே மாதத்து விக்ரோரியா நாள் விடுமுறை கழிந்தபிறகு வெளியே வையுங்கள், முதல் ஒரு கிழமை நிழலில். இரவு 10 பாகைக்குக் கீழே இறங்குகிற செப்ரெம்பரில் திரும்ப உள்ளே.

எல்லா வருடமும் தக்காளியும் கத்தரியும் பூக்கிற நேரம் திடீரென்று வாடிச் சாகிறது. மண் நல்ல மண். பின்வீட்டில் பெரிய கறுப்பு வால்நட் மரம் ஒன்று நிற்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தமா? (மிசிசாகா)

அதேதான் காரணமாக இருக்கவேண்டும். அதன் வேரிலும் காய்த்தோலிலும் இருக்கிற யுக்லோன் என்ற பொருளைத் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்கும் தாங்காது. வேர் வேலியைத் தாண்டி வெகுதூரம் வரும். பெரிய சாடிகளில் வையுங்கள், விழுகிற காயையும் இலையையும் கூட்டெருவில் சேர்க்காதீர்கள். நிலத்தில் வெங்காயமும் போஞ்சியும் போடலாம்.

எருக்கலை மாதிரிப் பால் வருகிற செடி ஒன்று வேலியோரம் தானாக முளைத்திருக்கிறது. பிடுங்கவா? (பிக்கறிங்)

பிடுங்கமுதல் பாருங்கள். இலை தடித்து, அகன்று, அடியில் மெல்லிய மயிரோடு, தண்டு நேராக நின்றால் அது மில்க்வீட். எருக்கலையின் சொந்தக்காரிதான், ஒரே குடும்பம். பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலை கட்டின எங்களுக்கு அந்தப் பூக்கொத்தைப் பார்த்தாலே தெரியும். ஊரில் எருக்கலை இலையைத் தின்று வளர்கிற செம்மஞ்சள் வண்ணத்திப்பூச்சி உண்டே, அதன் இனத்ததுதான் இங்குள்ள மொனார்க். அதன் புழு மில்க்வீட்டைத் தவிர வேறொன்றும் தின்னாது. செப்ரெம்பரில் அவை ஈரி ஏரிக்கரையில் பொயின்ற் பீலி என்ற இடத்தில் கூட்டமாகச் சேர்ந்து, ஏரியைக் கடந்து மெக்சிகோ மட்டும் போகும். ஒன்ராறியோ அரசு 2014இல் மில்க்வீட்டைக் களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. வைத்திருங்கள். வேரோடிப் பரவும் என்பதால் மரக்கறிப் பாத்திக்குள் விடாமல் வேலியோரத்தில் நிறுத்துங்கள். பால் கண்ணில் படக்கூடாது.

தண்டு மெல்லிய கொடியாகி வேலியில் சுற்றி ஏறினால் அது வேறு, நாயை நெரிக்கிற கொடி என்று இங்கே பெயர். மொனார்க் ஏமாந்து அதிலும் முட்டையிடும், பொரிக்கிற புழு செத்துப்போகும். அதை இரக்கமில்லாமல் வேரோடு கிண்டி எடுங்கள்.

அன்ரி, எனக்கு 11 வயது. அம்மம்மா வீட்டு விச் ஹேசல் மரத்தில் இருந்து காய் பிடுங்கி மேசையில் வைத்தேன். ராத்திரி டிக் என்று சத்தம் வந்தது. காலையில் கறுப்பு விதை சுவர்ப் பக்கம் கிடந்தது. இதை நட்டால் மரம் வருமா? (ஸ்காபரோ)

வரும் கண்ணா. நீ பார்த்தது பெரிய விஷயம். இந்த மரத்தின் காய் காய்ந்து இறுகும்போது விதையை நெருக்கி வெளியே சுண்டிவிடும், 30 அடி தூரம்கூடப் போகும். போன வருடத்துப் பூ இந்த வருடம்தான் காயாக முற்றும், அதனால் மரத்தில் பூவும் காயும் ஒரே நேரத்தில் இருக்கும். ஹமமேலிஸ் என்ற அதன் பெயருக்கே ‘பழத்தோடு சேர்ந்து’ என்றுதான் கிரேக்க மொழியில் அர்த்தம். அம்மம்மாவின் மரம் ஒக்ரோபரில் பூக்கிறதா என்று போய்ப் பார். இனி காய் பிடுங்கினால் கடதாசிப் பைக்குள் போட்டு வாயைக் கட்டி வை, விதை எல்லாம் உள்ளேயே கிடக்கும்.

விதைக்கு இரண்டு காலம் தேவை. முதலில் ஒரு சூடு, பிறகு ஒரு குளிர். இப்போதே ஒரு சாடியில் ஈரமண் போட்டு, விதையை விரல்நுனி ஆழத்தில் வைத்து, அணில் கிண்டாமல் மேலே கம்பிவலை கட்டி, வெளியே நிழலில் மண்ணுக்குள் பாதி புதைத்து வை. இந்த வசந்தத்தில் ஒன்றும் வராது, கவலைப்படாதே. கோடை முழுக்க மண் காயாமல் பார்த்துக்கொள். அதற்கு அடுத்த வசந்தத்தில், உனக்கு 13 வயது நடக்கும்போது, முளைக்கும். பத்து விதை போட்டால் நல்லது, எல்லாம் முளைக்காது.

சாடியில் ஒரு தகட்டைக் குத்தி, விதையின் பெயரையும் இன்றைய திகதியையும் பென்சிலால் எழுதிவிடு. பேனா மை ஒரு குளிர்காலத்தில் அழிந்துவிடும். எழுதாவிட்டால் வெறும் மண் என்று நினைத்து யாராவது கொட்டிவிடுவார்கள்.